பிளாஸ்மா சிகிச்சை: உறுப்பு மாற்றுப் பெற்றோருக்கு எப்போது உதவும்?

மாற்றுச் சிறுநீரகமோ கல்லீரலோ பெற்ற ஒருவர் கடுமையான கொரோனா தொற்றுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படும்போது, "பிளாஸ்மா ஏற்றினால் பிழைத்துக்கொள்வாரா? நாங்கள் கொடையாளரைத் தேடட்டுமா?" என்று குடும்பத்தினர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இதற்கு இல்லை.

குருதியிலிருந்து அணுக்களைப் பிரித்துவிட்டால் எஞ்சுகிற வெளிர்மஞ்சள் நீரே பிளாஸ்மா. ஒரு தொற்றிலிருந்து மீண்டவரின் பிளாஸ்மாவில் அந்த வைரஸை அடையாளம் கண்டு முடக்கும் ஆன்டிபாடிகள், அதாவது எதிர்ப்பொருள்கள், இருக்கும். அவற்றை நோயாளிக்கு ஏற்றுவது எதிர்ப்பாற்றலைக் கடனாகத் தருவதைப் போன்றது. இக்கருத்து பழையது. 1890-இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றுக்கு எதிராக இந்த வழியை நிறுவினர்.

உறுப்பு மாற்றுப் பெற்றோருக்கு இந்தக் கடன் ஏன் தேவைப்படலாம்? புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற மருந்துகளை அவர்கள் நாள்தோறும் உட்கொள்கிறார்கள். இவை வெள்ளணுக்களின் வேகத்தைத் தணிக்கின்றன. சிலருக்கு ரிட்டக்சிமாப் ஊசியும் போடப்படுகிறது. எதிர்ப்பொருள்களை உண்டாக்கும் மரபைச் சேர்ந்த பி அணுக்களை அது பல மாதங்களுக்கு அகற்றிவிடுகிறது. ஆகவே தடுப்பூசி போட்ட பின்னும் சிலரது உடலில் போதிய எதிர்ப்பொருள் உருவாவதில்லை. வைரஸ் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் உடலில் தங்கிவிடுகிறது.

இனி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். 2020-இல் நாடெங்கும் பிளாஸ்மாவைத் தேடி அலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். அவ்வாண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய பிளாசிட் ஆய்வில், பிளாஸ்மா பெற்றோரில் 19 விழுக்காட்டினர் நோய் முற்றினர் அல்லது இறந்தனர். பெறாதோரில் அது 18 விழுக்காடு. பிரிட்டனில் 11,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்ட ரெக்கவரி ஆய்விலும் பயன் தென்படவில்லை. 2021 மே மாதத்தில் இந்திய அரசின் சிகிச்சை வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. அது சரியான முடிவு என்றே நாங்கள் கருதுகிறோம்.

ஆயினும் அந்த ஆய்வுகளில் இடம்பெற்ற பெரும்பாலோர், மருத்துவமனைக்கு வருமுன்னரே தாமாக எதிர்ப்பொருள் உண்டாக்கத் தொடங்கியவர்கள். நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றி என்ன பயன்? அர்ஜென்டினாவில் ஜுனின் வைரஸ் உண்டாக்கும் இரத்தக்கசிவுக் காய்ச்சலுக்கு, நோய் தொடங்கிய எட்டு நாட்களுக்குள் மீண்டோரின் பிளாஸ்மா ஏற்றப்பட்ட 91 பேரில் ஒருவரே இறந்தார். சாதாரண பிளாஸ்மா பெற்ற 97 பேரில் 16 பேர் இறந்தனர். 1979-இல் வெளியான இம்முடிவு உணர்த்துவது இதுதான்: சீக்கிரம் கொடுக்க வேண்டும், செறிவாகக் கொடுக்க வேண்டும், இல்லாதவருக்குக் கொடுக்க வேண்டும்.

எதிர்ப்பொருள் உண்டாக்க இயலாத உறுப்பு மாற்று நோயாளிக்கு மூன்றாவது நிபந்தனை பொருந்துகிறது. அதனால்தான் 2021 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கு மட்டும் பிளாஸ்மா அனுமதியைத் தொடர்ந்தது. இவர்களைப் பற்றிய சான்றுகள் பெரும்பாலும் சிறு தொகுப்புகளிலிருந்தும் பெரிய ஆய்வுகளின் உட்பிரிவுகளிலிருந்தும் கிடைத்தவை. உறுதியான வாக்குறுதிக்கு அவை போதா. ஏற்கெனவே செயற்கைச் சுவாசத்தில் இருப்பவருக்கு நாங்கள் பெரிதும் நம்பிக்கை அளிப்பதில்லை.

பிளாஸ்மா தீங்கற்றது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. ஒரு பை ஏறத்தாழ 200 மில்லி லிட்டர். சிறுநீரகம் சரிவர இயங்காதவருக்கு அந்த நீரே நுரையீரலில் சுமையாகலாம். ஒவ்வாமை ஏற்படலாம், அரிதாக, நுரையீரல் திடீரெனப் பாதிக்கப்படலாம். இரத்த வகையும் பொருந்த வேண்டும். சிவப்பணு ஏற்றுவதற்கு ஓ வகை எல்லோருக்கும் பொதுவானது என்பர். பிளாஸ்மாவுக்கோ ஏபி வகையே பொதுவானது. கொடையாளர் உறவினராக இருக்கத் தேவையில்லை. அவரது எதிர்ப்பொருள் அளவு போதுமானதா, இப்போது பரவும் திரிபை அது முடக்குமா என்பவையே முக்கியம். எனவே தெரிந்தவர்களைத் திரட்டி அழைத்து வருமுன் எங்கள் மருத்துவர்களைக் கேளுங்கள்.

இதே கொள்கையில், பலரது பிளாஸ்மாவிலிருந்து பிரித்துச் செறிவாக்கிய ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின், அந்நோயால் கல்லீரல் மாற்றிக்கொண்டோருக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. கொரோனாவுக்கு இன்று வைரஸ் எதிர்ப்பு மருந்துகளே முதல் தெரிவு. அவற்றுள் ரிட்டோனவிர் கலந்த மாத்திரை, குருதியில் டாக்ரோலிமஸின் அளவை ஆபத்தான அளவுக்கு உயர்த்திவிடும். வெளியே எவர் எழுதிக் கொடுத்தாலும், எங்களிடம் தெரிவிக்காமல் தொடங்க வேண்டாம். அவ்வாறே, தொற்றுக்கு அஞ்சி நிராகரிப்பைத் தடுக்கும் மாத்திரைகளைத் தாமாகக் குறைக்கவும் கூடாது. தேவையெனில் எதை, எவ்வளவு குறைப்பது என்பதைக் குருதிப் பரிசோதனையின்படி நாங்கள் முடிவு செய்வோம்.

காய்ச்சலோ இருமலோ தொடங்கினால், அது தொடங்கிய நாளைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றே உறுப்பு மாற்றுப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வரும்போது மாத்திரைப் பட்டியல், தடுப்பூசி போட்ட நாட்கள், ரிட்டக்சிமாப் கடைசியாகப் போட்ட தேதி ஆகியவற்றையும் உடன் கொண்டு வாருங்கள்.