கிளிப் கழற்றிய அன்று அழுதோம்

பல்லுக்கு கிளிப் போட்ட பிள்ளைகள் உள்ள சகோதரிகள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் மூத்த மகளுக்கு எத்துப்பல். ஒன்பதாவது படிக்கும்போது கேலி தாங்காமல், வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசுவாள். 2016-ல் சீட்டுப் பணத்தை எடுத்து, பல் சீரமைப்பு டாக்டரிடம் கிளிப் போட்டோம். பணம் கட்டியாச்சு, மாதம் ஒரு முறை அழைத்துப் போனால் போதும், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். அவளும் காலையில் அவசரமாக நாலு இழு இழுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். ராத்திரி பல் தேய்க்கும் பழக்கமே எங்கள் வீட்டில் கிடையாது.

கோகுலாஷ்டமி சீடை ஒரு தடவை, கடலை மிட்டாய் ஒரு தடவை, கரும்பு ஒரு தடவை என்று பல்லில் ஒட்டிய உலோகத் துண்டு மூன்று முறை தெறித்தது. "அடுத்த மாசம் எப்படியும் போகப் போறோமே" என்று நானும் சும்மா இருந்தேன். துண்டு விழுந்துவிட்டால் அந்தப் பல்லைக் கம்பி சரியாக இழுக்காதாம். அத்தனை நாளும் வீண்தானே? ஒன்றரை வருஷத்தில் முடிய வேண்டியது இரண்டே கால் வருஷம் இழுத்தது.

2018-ல் கழற்றினார்கள். பல் வரிசை அவ்வளவு அழகு. ஆனால் துண்டு ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி, சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல வெள்ளைத் திட்டுகள்! "பல்லு நேரா வந்துடுச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றார் என் கணவர். பெண் ராத்திரி முழுக்க அழுதாள், நானும்தான். எத்துப்பல்லுக்காக மூடிய வாயை இப்போது திட்டுக்காக மூடினாள்.

டாக்டர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. துண்டைச் சுற்றி தங்கும் சாப்பாட்டுத் துணுக்கில், அதுவும் இனிப்பில், கிருமிகள் புளிப்பை உண்டாக்கி பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிடுகின்றன. துண்டுக்கு அடியில் உள்ள இடம் தப்பித்துவிடும்; சுற்றியுள்ள இடம் வெளுத்துவிடும். ஃப்ளோரைடு மருந்து தடவியதில் கொஞ்சம் மங்கியது, முழுசாகப் போகவில்லை.

2024-ல் சின்னவளுக்கும் கிளிப் போட வேண்டி வந்தது. இந்தத் தடவை நான் விடவில்லை. சாப்பிட்டதும் முதலில் தண்ணீர் விட்டு நன்றாகக் கொப்பளிக்கணும். பிறகு பிரஷ்ஷைச் சாய்த்து, ஈறுக்கும் துண்டுக்கும் நடுவே ஒரு முறை, துண்டுக்கு மறுபக்கம் ஒரு முறை, கடைசியில் கடிக்கும் பக்கம், உள்பக்கம். கம்பிக்கு அடியில் நுழைய ஒரு குட்டி பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கிறது, பாட்டில் கழுவும் பிரஷ்ஷைச் சுருக்கியது போல இருக்கும். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட்தான். ராத்திரி தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கிடையாது. ஸ்கூலில் பிரஷ் பண்ண வெட்கப்படுகிறாள். கொப்பளிக்கவாவது செய் என்று சொல்லியிருக்கிறேன்.

கொய்யா, ஆப்பிளைக் கடிக்கத் தருவதில்லை, சன்னமாக நறுக்கித்தான். கேரட் துருவி. சீடை, தட்டை, கமர்கட் வீட்டிலேயே இல்லை. (இதில் அதிகம் கஷ்டப்படுபவர் என் மாமியார்!) கம்பியை முறுக்கிய முதல் மூன்று நாலு நாள் வலி இருக்கும். குழைந்த தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி கொடுத்தால் சமாளித்துவிடுவாள். ஒரு விஷயம், வெள்ளை ரப்பர் வளையம் கேட்காதீர்கள். நம் சாம்பார் மஞ்சளில் இரண்டே நாளில் மஞ்சளாகிவிடும்.

மூத்தவளுக்கு ஒருநாள் ராத்திரி கம்பி முனை கன்னத்தைக் குத்துகிறது என்று நகவெட்டியால் நறுக்கிவிட்டேன். டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டார், துண்டை முழுங்கியிருந்தால் என்ன ஆவது? இப்போது அதற்கென்று உள்ள மெழுகு எப்போதும் வீட்டில் இருக்கிறது. அந்த இடத்தை ஈரமில்லாமல் துடைத்து, மெழுகைச் சின்ன உருண்டையாக உருட்டி முனைமேல் அழுத்திவிட்டு, மறுநாள் போன் செய்துவிட்டுப் போகிறோம்.

சின்னவளுக்குச் சோம்பல் வராமல் இல்லை. ஆனால் ராத்திரி அவள் தேய்த்த பிறகு டார்ச் அடித்துப் பார்ப்பது நானில்லை, அவள் அக்கா. "இங்க பாரு, என் பல்லைப் பாத்துட்டு மறுபடி போய் தேய்" என்று வாயைத் திறந்து காட்டுகிறாள். கையை வைத்து மூடுவதில்லை.

- ஓர் அம்மா, கும்பகோணம்.