கேப் ஆளுநரின் இந்தியப் பாட்டி

தென்னாப்பிரிக்காவுல கேப் டவுன் பக்கத்துல ஸ்டெல்லன்போஷ்னு ஒரு ஊர் இருக்கு. பெரிய பல்கலைக்கழகம், திராட்சைத் தோட்டங்கள், வெள்ளைச் சுவர் வெச்ச பழைய டச்சு வீடுகள். அந்தப் பேருக்கு 'ஸ்டெல்லின் காடு'ன்னு அர்த்தம். அந்த ஸ்டெல், சிமோன் வான் டெர் ஸ்டெல். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1679-ல் கேப்புக்கு அனுப்பிய தளபதி. 1691-ல் அங்கே முதல் ஆளுநர் ஆனவர். இன்னைக்கு நான் சொல்லப்போறது அவரோட ஆட்சியைப் பத்தி இல்ல, குடும்பத்தைப் பத்தி.

அப்பா ஆட்ரியானும் கம்பெனி ஊழியர்தான். 1639-ல் மொரீஷியஸுக்குத் தலைவராகப் போனார். போற வழியில கப்பல்லயே சிமோன் பிறந்ததா சொல்றாங்க. அந்தத் தீவுக்குக் கரும்பையும் ஜாவா மான்களையும் கொண்டுவந்தவர் ஆட்ரியான். 1646-ல் இலங்கையில் கண்டிப் படையினரால் கொல்லப்பட்டார்.

அப்பா வழியில இவ்வளவு விவரம் கிடைக்குது. இப்ப அம்மா வழிக்கு வாங்க. அம்மா பேர் மரியா லீவன்ஸ். மரியாவின் அப்பா டச்சுக்காரர். மரியாவின் அம்மா மோனிக்கா, அடிமையாக இருந்து விடுதலையான இந்தியப் பெண்ணுன்னு வரலாற்று நூல்கள் சொல்லுது. அவர் பேரோட ஒட்டியிருக்கிற 'ட கோஸ்டா'வுக்குப் போர்ச்சுகீசிய மொழியில 'கரையைச் சேர்ந்த'ன்னு பொருள்.

கேப்பில் அடிமைகளோட பேரையும் இப்படித்தான் எழுதினாங்க. பேர், அதோட ஒரு இடம். வங்காளத்து ஆஞ்சலான்னு ஒருத்தர். மலபார், சோழமண்டலக் கரைன்னு முடியற பேர்களும் நிறைய. அந்த இடப்பேர் பிள்ளைகளுக்குப் போகாது. ஐரோப்பிய அப்பாவுக்குக் கல்யாணத்துல பிறந்த பிள்ளைகளுக்கு வர்றது அப்பாவோட குடும்பப் பேர். அதனால மகள் லீவன்ஸ், பேரன் வான் டெர் ஸ்டெல். ரெண்டே தலைமுறையில மோனிக்காவின் சுவடே பேர்ல இல்ல.

இது வெறும் பேர் விஷயம் இல்ல. 1685-ல் வான் ரீட் என்ற கம்பெனி அதிகாரி கேப்புக்கு ஆய்வுக்கு வந்தார். நம்ம கேரளத்துச் செடிகளைப் பத்தி 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' தொகுத்த அதே ஆள். சிமோனுக்கு கான்ஸ்டான்ஷியா நிலத்தைக் கொடுத்தது இவர்தான். அதே பயணத்துல இன்னொரு உத்தரவும் போட்டார்: அடிமையாக இருந்து விடுதலையான பெண்ணை ஐரோப்பிய ஆண் கல்யாணம் பண்ணக் கூடாது, அவளுக்கு ஐரோப்பிய அப்பா இருந்தா மட்டும் பண்ணலாம். இதை சிமோன் வீட்டுல பொருத்திப் பாருங்க. அம்மா மரியா தேறிடுவார். பாட்டி மோனிக்கா தேறமாட்டார். அந்த உத்தரவு வந்தப்போ கேப்பை ஆண்டுக்கிட்டு இருந்தவர் அவங்க பேரன்.

சுமார் 260 வருஷம் கழிச்சு, 1949-ல், தென்னாப்பிரிக்க அரசு வெள்ளையர் மத்தவங்களைக் கல்யாணம் பண்றதையே சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தத் தடை 1985-ல்தான் நீங்குச்சு. அத்தனை வருஷமும் ஸ்டெல்லன்போஷ் அந்தப் பேரோடதான் இருந்துச்சு, ஒரு இந்தியப் பெண்ணின் பேரன் பேரோட.

குடும்ப மரம் வரையும்போது நாமளும் அப்பா, தாத்தா, பூட்டன்னு ஒரே கோட்டுல ஏறிடுவோம். உங்க பாட்டியோட அம்மா பேர் என்ன? வீட்டுல இன்னைக்கே கேளுங்க, எழுதி வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.