யாருக்கு எந்தப் பாராட்டு?

சம்பளத்துக்கு அப்பால், ஊழியரின் உழைப்பைக் கவனித்து மதிப்பதே பணி அங்கீகாரம். அமெரிக்க உளவியலாளர் பிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பொறியாளர்கள், கணக்கர்கள் ஏறக்குறைய 200 பேரிடம் வேலையில் மனம் நிறைந்த தருணங்களைப் பற்றி விசாரித்து, 1959-இல் முடிவுகளை வெளியிட்டார். சாதித்த நிறைவுக்கு அடுத்தபடியாக அவர்கள் அதிகம் சொன்னது அங்கீகாரத்தைத்தான்.

ஆனால் எல்லோருக்கும் ஒரே அங்கீகாரம் இனிப்பதில்லை. கேரி சாப்மன், பால் வைட் இருவரும் 2011-இல் எழுதிய நூல் இதை ஐந்தாகப் பிரித்தது: பாராட்டுச் சொல், நேரம் ஒதுக்கிப் பேசுவது, வேலையில் கைகொடுப்பது, பரிசு, கைகுலுக்கல் போன்ற தொடுகை. கடைசி வகை அலுவலகத்தில் மிகுந்த எச்சரிக்கை கேட்பது. மனிதர்கள் இப்படி ஐந்து பெட்டிக்குள் அடங்கிவிடுவார்களா என்பது சந்தேகமே. எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று நினைவூட்டும் அளவில் பட்டியல் பயன்படும்.

மேடையேறிச் சால்வை வாங்குவது ஒருவருக்குப் பெருமை, இன்னொருவருக்குத் தண்டனை. கூச்ச சுபாவம் உள்ளவர் தனியாக அழைத்துச் சொல்லும் நாலு வார்த்தையையே விரும்புவார். அனுபவமும் ரசனையை மாற்றுகிறது. புதிதாகச் சேர்ந்தவருக்குத் தான் செய்வது சரிதானா என்று தெரிந்தாக வேண்டும். அடிக்கடி கிடைக்கும் சின்னப் பாராட்டு அவருக்குத் தெம்பு. இருபது வருடம் பழகியவரை அன்றாட வேலைக்காகப் புகழ்ந்தால் கேலியாகவே படும். முக்கியமான முடிவுக்கு முன் அவர் யோசனையைக் கேட்பதே அவருக்கு மரியாதை. சொல்பவர் யார் என்பதும் முக்கியம்: வேலையின் நுணுக்கம் தெரிந்த சக ஊழியரின் ஒரு 'சபாஷ்', அது தெரியாத மேலதிகாரியின் நீண்ட பாராட்டுரையைவிடக் கனமானது.

பணமா, பொருளா என்பதில் விடை எதிர்பாராதது. ஜெர்மனியில் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் புத்தகப் பட்டியலிடும் தற்காலிக வேலைக்கு வந்தவர்களை வைத்து நடந்த சோதனை 2012-இல் வெளியானது. சிலருக்குக் கூலியோடு 7 யூரோ கூடுதலாகக் கொடுத்தார்கள். வேலையின் வேகம் பெரிதாக மாறவில்லை. வேறு சிலருக்கு அதே விலையுள்ள பிளாஸ்க் கொடுத்தபோது வேகம் சுமார் 25 சதவீதம் கூடியது. விருப்பத்தைக் கேட்டால் பெரும்பாலோர் பணத்தையே தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ரூபாய்க் கணக்கில் பரிசை எடைபோடும் நிர்வாகங்கள் யோசிக்க வேண்டிய இடம் அடுத்தது: அதே 7 யூரோவில் நோட்டைச் சட்டை வடிவில் மடித்துக் கொடுத்தபோது பணமும் பிளாஸ்க்குக்கு ஈடாக வேலை செய்தது. தனக்காக ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார் என்பதே அங்கே பரிசு.

யாருக்குக் கிடைக்கவில்லை என்பதும் கணக்கில் வரும். அமெரிக்காவில் துணி வெளுக்கும் நிறுவனம் ஒன்று, தன் ஆலைகளில் ஒன்றில் மட்டும் தாமதமின்றி வருவோருக்கு விருது அறிவித்தது. 2016-இல் வெளியான ஆய்வின்படி, தாமதம் குறைந்தது; ஆனால் விருதுக்குத் தகுதி போகாதபடி, தாமதமாகும் என்று தெரிந்த நாளில் உடம்பு சரியில்லை என்று லீவு சொல்வது கூடியது. விருது வருவதற்கு முன்பே யாரும் சொல்லாமல் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களின் வேலைத்திறன்தான் கூடுதலாகச் சரிந்தது. அவர்கள் இத்தனை காலம் செய்ததை அதுவரை யாரும் அங்கீகரித்திருக்கவில்லை.