மன்னிப்புக் கேட்ட மகள்

மதுரையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த என் மகள், ஜெபக்குழுவுக்குப் போவதாகச் சொன்னதும் எனக்குப் பகீரென்றது. "படிப்பு என்னடி ஆகும்?" என்று கத்திவிட்டேன்.

அது 1954-ல் நம் நாட்டில் தொடங்கிய யு.இ.எஸ்.ஐ. மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த குழு. பாட்டு, ஜெபம், வேதப்பாடம் எல்லாம் பெரும்பாலும் மாணவர்களே நடத்துகிறார்கள். தினமும் தனியே வேதம் வாசித்து ஜெபிக்கவும் பழகுகிறார்கள்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு மேலூருக்கு வந்தாள். விடியற்காலையில் வேதமும் கையுமாக உட்கார்ந்தவளைப் பார்த்து, "வீட்டு வேலை யார் செய்யறது?" என்று முணுமுணுத்தேன்.

எழுந்தவள் நேரே என் மாமியாரிடம் போனாள். "அப்பத்தா, போன லீவில் உங்ககிட்ட எரிஞ்சு விழுந்தேன். மன்னிச்சிடுங்க" என்றாள். கிழவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் மாமியாரும் மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று மாலை காபியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். "உட்காரும்மா" என்றார்.

சகோதரிகளே, பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று அவசியம் கேளுங்கள். ஆனால் பக்தியில் வளர்கிறார்களா என்றறிய, போன கூட்டங்களை எண்ணாதீர்கள். வீட்டில் நடந்துகொள்ளும் விதத்தைப் பாருங்கள். நம்மையும் சேர்த்துத்தான்!