வானலைக்கு இட்ட வேலி

1912ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 14ஆந் திகதி இரவு. வட அத்திலாந்திக் சமுத்திரத்தில் பனிக்கட்டிகளிடையே ‘கலிபோர்ணியன்’ என்னுங் கப்பல் அசையாது நின்றது. அக்கப்பலில் இருந்த ஒரேயொரு கம்பியில்லாத் தந்தியாளர், பகல் முழுதும் உழைத்த களைப்பினால், பதினொன்றரை மணியளவில் தமது கருவியை நிறுத்திவிட்டு நித்திரைக்குச் சென்றார். சில நிமிடங்களுக்குள், அயலிலே சென்றுகொண்டிருந்த ‘டைட்டானிக்’ பனிமலையில் மோதியது. அதன் அபாய அழைப்பு வானெங்கும் பரந்தது. ஏறத்தாழ 58 மைலுக்கு அப்பாலிருந்த ‘கார்ப்பேதியா’ அதனைக் கேட்டு விரைந்து வந்து 700 பேர் வரையிற் காப்பாற்றியது. அதனிலும் மிகக் கிட்ட நின்ற ‘கலிபோர்ணிய’னின் செவியோ மூடியிருந்தது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

உறங்கச் சென்ற தந்தியாளர் எந்த விதியையும் மீறினாரல்லர். இரவிலும் ஒருவர் செவிகொடுத்திருத்தல் வேண்டுமென அவரது கப்பலைக் கட்டுப்படுத்தும் விதி எதுவும் அன்று இருக்கவில்லை. கருவி கப்பலேறிவிட்டது, அதனை ஆளும் முறை இன்னுங் கப்பலேறவில்லை. புதிய கருவிகள் தோன்றுங் காலமெல்லாம் மனித சமுதாயம் எதிர்நோக்கும் இடர்ப்பாடு இதுவேயாகும்.

கம்பியில்லாத் தந்தியைப் பொறுத்தவரை, அரசாங்கங்கள் அதற்கு முன்னர் வாளாவிருந்தன என்று கூறுதல் பொருந்தாது. மார்க்கோனிக் கம்பெனியின் தந்தியாளர்கள் வேறு கம்பெனிகளின் கருவிகளோடு செய்தி பரிமாற மறுத்தமையே முதலில் எழுந்த பிணக்கு. 1906இற் பேர்லின் நகரிற் கூடிய சருவதேச மகாநாடு, எவருடைய கருவியாயினும், கரை நிலையங்களும் கப்பல்களும் ஒன்றுக்கொன்று விடையளித்தல் வேண்டுமென விதித்தது. ‘எஸ். ஓ. எஸ்.’ என்னும் அபாயக் குறியும் அம் மகாநாட்டிலேயே ஏற்கப்பட்டது. ஆயினும், இடையறாது செவிகொடுத்திருக்கும் கடமை 1914 சனவரியில் இலண்டனிற் கைச்சாத்திடப்பெற்ற கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையிலேதான் இடம்பெற்றது. அறிவு முன்னே சென்றது. விதி பின்னே சென்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில் உயிர்கள் மடிந்தன.

1912 ஆகஸ்ட் மாதத்தில் ஐக்கிய அமெரிக்கா ஒரு வானொலிச் சட்டத்தை நிறைவேற்றியது. அனுமதிப்பத்திரமின்றி எவரும் ஒலியலை பரப்புதலாகாது என்றும், பொழுதுபோக்காக இத்துறையில் ஈடுபடுவோர் 200 மீற்றருக்கு மேற்பட்ட அலைநீளங்களைத் தீண்டலாகாது என்றும் அது விதித்தது. குறுகிய அலைகள் தூரஞ் செல்லா என்பதே அக்காலத்து அறிஞர் பலரின் கருத்து. பயனற்ற தரிசென்று எண்ணியே அந்நிலம் அவர்களுக்கு விடப்பட்டது. அவர்களோ அதனை உழுது பொன் விளைத்தனர். 1923இல் அத்தகையோர் சிற்றலை மூலம் அத்திலாந்திக்கின் இரு கரைகளுக்குமிடையே உரையாடிக் காட்டினர். பிற்காலத்தில் இலங்கை வானொலியின் குரலைக் கடல் கடந்து இந்தியாவுக்குக் கொண்டு சென்றதும் அந்தச் சிற்றலையே. சட்டம் இயற்றுவோர் எதிர்பாராத பயனும் சட்டத்தினால் விளைதல் உண்டு.

எதிர்பாராத கேடும் அவ்வாறே விளையும். 1912ஆம் ஆண்டுச் சட்டம் கப்பல்களை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது. 1920இன் பின்னர் ஒலிபரப்பு நிலையங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தபொழுது அச்சட்டம் தளர்ந்தது. அனுமதி மறுக்க அமைச்சருக்கு அதிகாரமில்லை என 1923இல் ஒரு நீதிமன்றம் தீர்த்தது. அலைநீளத்தை மீறிய நிலையத்தைத் தண்டிக்கவும் இயலாதென 1926இல் இன்னொன்று தீர்த்தது. விளைவு யாது? நூற்றுக்கும் குறைந்த தடங்களில் 700க்கு மேற்பட்ட நிலையங்கள் நெருங்கின. ஒரு நிலையத்தின் இசையும் மற்றொன்றின் பிரசங்கமும் ஒரே பெட்டியில் மோதின. கேட்போருக்கு எஞ்சியது இரைச்சலே. கட்டுப்பாடற்ற சுதந்திரம் ஈற்றில் எவருடைய குரலும் கேளாத நிலைக்குக் கொண்டு வந்தது.

1927 பெப்புருவரியில் இயற்றப்பட்ட புதிய சட்டம் இரு கொள்கைகளை நிலைநாட்டியது. வானலை எவருக்குஞ் சொந்தமன்று என்பது ஒன்று. பொதுமக்கள் நலனுக்கு உகந்ததாயின் மாத்திரமே அதனைக் குறித்த காலத்துக்கு ஒருவர் பயன்படுத்தலாம் என்பது மற்றொன்று. பிரித்தானியா வேறு வழியிற் சென்றது. 1922இல் ஒரே கம்பெனிக்கு உரிமை வழங்கி, 1927 சனவரி முதலாந் திகதி அதனைப் பொதுக் கூட்டுத்தாபனமாக மாற்றியது. இலங்கையிற் கொழும்பு வானொலி 1925 டிசம்பரிற் தொடங்கியபொழுது அது தந்தித் திணைக்களத்தின் கீழ் அரசாங்கப் பணியாகவே அமைந்தது.

இவ்வழிகளுள் எதுவும் குறையற்றதன்று. அலையைப் பங்கிடும் கை, குரலை அடக்கும் கையாகவும் மாறலாம். 1928இல் அமெரிக்க ஆணைக்குழு அலைகளை மறுபங்கீடு செய்தபொழுது, வலிமைமிக்க வர்த்தக நிலையங்கள் நல்ல இடங்களைப் பெற்றன. கல்லூரிகள் நடத்திய சிறு நிலையங்கள் பல நலிந்தன. பொதுமக்கள் நலன் யாது என்பதைத் தீர்மானிப்பவர் யார், அவரைக் கேள்வி கேட்பவர் யார் என்னும் வினாக்கள் அன்று போலவே இன்றும் உள்ளன. செய்மதிகளுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் விதி வகுக்க முயலும் அரசாங்கங்கள் எதிர்நோக்குவனவும் இவ்வினாக்களே.

பழைய கப்பல்களின் தந்தி அறைகளில் ஒருவகைக் கடிகாரம் தொங்கும். அதன் முகத்தில் இரண்டு செந்நிறக் கூறுகள் உண்டு. ஒவ்வொரு மணித்தியாலத்திலும் இருமுறை முள் அக்கூறுகளுள் நுழையும்பொழுது, 500 கிலோசைக்கிள் மீடிறனில் மும்மூன்று நிமிடங்கள் எல்லாக் கப்பல்களும் பேச்சை நிறுத்திச் செவிகொடுத்தல் வேண்டும். வலுவற்ற ஓர் அபாய அழைப்பும் அந்த மௌனத்திற் கேட்டுவிடும். 1999ஆம் ஆண்டு பெப்புருவரி முதலாந் திகதி செய்மதியும் தன்னியக்கக் கருவிகளுங் கொண்ட புதிய முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அக்கடிகாரமும் ஓய்வு பெற்றது. ஆயினும் அது புகட்டிய பாடம் ஓயவில்லை. பலமுள்ளோர் சற்று நேரம் வாய்மூடி, நலிந்தோன் குரலுக்கு இடமளிக்கச் செய்வதே நல்ல விதியின் இலக்கணமாம்.