மைஎஸ்க்யூஎல் எழுத்துக் குறியாக்கம்
மைஎஸ்க்யூஎல் தரவுத்தள மென்பொருளை நிறுவுவோர் எழுத்துக் குறியாக்கத்தை அமைப்பதில் பெரும்பாலும் தடுமாறுகின்றனர். யூடிஎஃப்-8 முறையில் ஒரு குறிக்கு நான்கு பைட்டுகள் வரை தேவைப்படும். ஆனால் இம்மென்பொருளின் 'யூடிஎஃப்8' தெரிவு மூன்று பைட்டுகளையே ஏற்றது. இவ்வரம்பு கையேட்டினுள் இருந்ததேயன்றிப் பெயரில் தெரியவில்லை.

வழக்கமான தமிழ் எழுத்துகளின் குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளே என்பதால் குறை உடனே வெளிப்படாது. நான்கு பைட்டுகள் கொண்ட உணர்ச்சிக்குறியோ, 2019-இல் ஒருங்குறியில் சேர்ந்த முந்திரி முதலிய தமிழ்ப் பின்னக் குறிகளோ வந்தால் பிழை ஏற்படும். கண்டிப்பு முறை இயங்காதபோது, அக்குறி தொடங்கி எஞ்சிய உரை முழுவதும் வெட்டப்படும்.

2010-இல் வந்த 'யூடிஎஃப்8எம்பி4' இதற்குத் தீர்வாகும். தரவுத்தளம், அட்டவணை, நெடுவரிசை, இணைப்பு ஆகிய நான்கிலும் அதையே அமைத்தல் வேண்டும். முன்பே வெட்டுண்ட உரையை இம்மாற்றம் மீட்டுத்தராது.