மலிவும் சிக்கனமும்

குறைந்த பணத்தில், உடற்கு நலமும் பிறர்க்குத் தீங்கின்மையும் பயக்கும் உணவுப்பொருள்களை வாங்குதல் எங்ஙனம் என்பதைப் பெரியதாழைக் கரையைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

சீலா மீனின் விலை எளியோர்க்கு எட்டாது. சாளையோ மலிவு, இதயத்துக்கு நலந்தரும் கொழுப்புடையது, விரைந்து பெருகும் இனம். ஆயினும், முட்டையிடும் பருவமெய்தாச் சிறுகுஞ்சுகளை நாம் வாங்குவோமாயின், மீன் பெருகுதற்பொருட்டு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடையின் பயன் குன்றும்.

இனி, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டி நமக்கு அண்மையிலேயே கிடைக்கும். மிக மலிந்ததில் சீனி கலந்திருக்கக் கூடும். அக்கலப்படம் பனையேறிகளின் வருவாயைக் குறைக்கும். தூயதும் இனிப்பே யாதலின், அதனைப் பாதியளவு வாங்கி அளவோடு உண்போமாக. செலவும் ஏறாது, உடலுக்கும் நன்று, உழைத்தார்க்கும் உரிய விலை சேரும்.